இன்று நீ, நாளை நான்: ரோமக் குடியரசு கேள்வி பதில்

பள்ளி ஆசிரியை ஒருவர்: சார், ரோமில் ஒரே சமயத்தில் இரண்டு கான்சல்கள், அதாவது ஆட்சிக்கும் படைக்கும் தலைவர்கள். போர்க்களத்தில் யார் பேச்சு எடுபடும்?

வழக்கமாகச் சிக்கல் வராது டீச்சர். ஆளுக்கொரு படையோடு வேறு வேறு திசையில் போய்விடுவார்கள். ஒரே முகாமில் இருக்க நேர்ந்தால் முறை வைத்துக்கொள்வார்கள்: இன்று நீ, நாளை நான். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் அதுதான் வினையாக முடிந்தது. இந்தச் சமவெளி எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் குதிரைப்படைக்கு வாகானது, இங்கே வேண்டாம் என்றார் ஒரு கான்சலான பவுலஸ். இன்னொரு கான்சல் வர்ரோ கேட்கவில்லை. தன் முறை வந்த அன்று, விடிந்ததும் கூடாரத்தின் மேல் சிவப்புத் துணியை ஏற்றிவிட்டார். போருக்கு அதுதான் அடையாளம். அன்று பவுலஸ் உட்பட ரோமப் படையில் ஏறத்தாழ 48,000 பேர் மாண்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி கணக்குச் சொல்கிறார். ஆனால் வர்ரோவைக் கடுமையாகத் தாக்கி எழுதிய வரலாற்றாசிரியர் பொலிபியஸ், பவுலஸின் பேரனுக்கு நெருங்கிய நண்பர். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்: கான்சல் தேர்தலில் ஆளுக்கொரு ஓட்டா?

இல்லை தம்பி. மக்கள் 193 பிரிவுகள். பிரிவுக்கு ஒரு ஓட்டு. பழைய கணக்குப்படி குதிரைவீரர் பிரிவு 18, பெரும் சொத்துக்காரர்கள் 80. இவர்கள் ஒத்துப்போனால் 98, பாதிக்கு மேல், கதை முடிந்தது. சொத்தில்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒரே பிரிவு! ஓட்டுப் போடும் இந்த அவை உண்மையில் அணிவகுத்த படைதான். அதனால் நகர எல்லைக்கு வெளியே, மார்ஸ் திடலில் கூடும். எதிரி வருகிறானா என்று யானிகுலம் குன்றில் காவல் நிற்கும், கொடி பறக்கும். கொடி இறங்கினால் கூட்டம் கலைந்தாக வேண்டும். கி.மு. 63இல் ரபிரியுஸ் என்ற கிழவர் மீது, ஒரு கொலைக்காக, இதே அவையில் தேசத்துரோக வழக்கு. தீர்ப்பு பாதகமாகப் போகும் நிலையில் மெட்டெல்லுஸ் கெலெர் என்ற அதிகாரி கொடியை இறக்கிவிட்டார். எதிரி எவனும் இல்லை, வழக்கு மட்டும் போயே போய்விட்டது.

இன்னொருவர்: சர்வாதிகாரி என்ற பதவி?

நெருக்கடிக்கு மட்டும். அதிகபட்சம் 6 மாதம்.

அந்தக் கல்லூரி மாணவர்: அப்புறம் இந்தக் குடியரசு எங்கே கெட்டது சார்?

கி.மு. 107இல் கான்சல் மாரியுஸ் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். போர் முடிந்தால் நிலம் கிடைக்குமா என்று அவர்கள் பார்த்தது ரோமின் ஆட்சி மன்றமான செனட்டை அல்ல, தளபதியின் முகத்தை. கி.மு. 88இல் கான்சல் சுல்லா ரோம் மீதே படை நடத்தியபோது, அவருடைய உயர் அதிகாரிகளில் ஒரே ஒருவர்தான் கூட வந்தார். சிப்பாய்கள் தயங்கவில்லை. சுல்லாவிடமிருந்து படையைப் பொறுப்பேற்க வந்தவர்களை அதற்கு முன்பே கல்லால் அடித்துக் கொன்றிருந்தார்கள்.