மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. அவள் எந்த நாட்டுப் பிள்ளை?

கேள்வி: நானும் கணவரும் 1990-ல் சின்னப் பிள்ளைகளாக மன்னாரிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். மகள் 2013-ல் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் இல்லை. இங்கே பிறந்தவள் இந்தியப் பிரஜைதானே? இலங்கைத் தூதரகத்தில் பதிந்துவிட்டால் அப்புறம் இந்தியக் குடியுரிமை கேட்கவே முடியாது என்கிறார்களே?

பதில்: முதலில் பெயரைச் சேருங்கள், அதற்குத்தான் கெடு இருக்கிறது. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் என்றால் இலவசம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பு பதிவான அலுவலகத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஏறிய பெயரை நினைத்தபோது மாற்ற முடியாது. அதனால் பள்ளியில் உள்ள அதே பெயரைக் கொடுங்கள்.

அப்படியே உங்கள் இருவர் பெயரின் எழுத்தையும் பாருங்கள். இலங்கைத் தாளில் ‘கிருஸ்ணபிள்ளை’ என்றும் இங்கே ‘கிருஷ்ணபிள்ளை’ என்றும் இருந்தால், ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ஆட்களாகிவிடும். எழுத்துப் பிழையை அதே பதிவாளரிடம் திருத்தலாம்.

குடியுரிமைக்கு வருவோம். பிறப்புச் சான்றிதழ் எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தாள் என்பதற்குச் சாட்சி. குடியுரிமையை அது தராது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் பிறந்த தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால், பெற்றோர் யாராயினும் இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது இதனால்தான். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு இது பொருந்தாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழிவிட்ட 2019 சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அலுவலகத்தில் என் கருத்து செல்லாது.

அதற்காக அவளை எந்த நாட்டுக்கும் இல்லாதவளாக விட்டுவிடாதீர்கள். நீங்களோ கணவரோ இலங்கைப் பிரஜை என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்து அந்தக் குடியுரிமை பெறலாம். பிறந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, தகுந்த காரணம் இருந்தால் தாமதமாகவும் ஏற்பார்கள். முகாம் வாழ்க்கையை விடவா காரணம் வேண்டும்? உங்களுக்குச் சென்னையில் உள்ள துணைத் தூதரகம்.

பதிந்தால் இந்தியக் கதவு மூடும் என்பது தவறு. அவளுக்கு இன்று இல்லாத உரிமை இதனால் பறிபோகாது. பின்னாளில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வேறு நாட்டுப் பிரஜையாக இருப்பது தடையல்ல. கிடைக்கும்போது பழையதைத் துறக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழ் வரும் வழியில் தொலைந்திருந்தால், ஊரில் இருக்கும் உறவினரைப் பிரதேச செயலகத்தில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வந்தபின் தூதரகம் போனால் அலைச்சல் குறையும்.