50 கிலோ மூட்டையை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது எப்படி?

கேட்டவர் கடலூரில் ஒரு கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். தினமும் 50 கிலோ மூட்டைகளை இறக்கி அட்டி போட (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க) வேண்டுமாம். எப்படித் தூக்குவது, இடுப்பு பெல்ட் வாங்கினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. பெல்ட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

நான் லோடுமேன் இல்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு மாட்டுத்தீவனக் கிடங்கில் ஆறு வருடம் இருப்புக் கணக்கு பார்த்தவன். ஆள் குறைந்த நாளில் நானும் மூட்டைக்குக் கை கொடுப்பேன். ஆனால் என் இடுப்பு போனது மூட்டையில் இல்லை, 20 லிட்டர் தண்ணீர் கேனில்! இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். தரையில் இருந்த கேனை எட்டிப் பிடித்து, தூக்கிய வேகத்திலேயே உடம்பைத் திருப்பி ஸ்டாண்டில் வைக்கப் போனேன். சுளீர் என்றது. மூச்சுப்பிடிப்பு என்று நினைத்து வீட்டில் எண்ணெய் போட்டு உருவினார்கள். கால் மரத்துப்போன பிறகுதான் டாக்டரைப் பார்த்தேன்.

எங்கள் லோடுமேன் அண்ணன்களுக்கும் முழங்கால் வலி, கழுத்து வலி எல்லாம் உண்டு. ஆனாலும் இப்படி ஒரே இழுப்பில் யாரும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் அவர்கள் வேலையை உட்கார்ந்து கவனித்தேன். (வேறு எதுவும் செய்ய முடியாத நிலை.) அவர்கள் தரையிலிருந்து மூட்டையைத் தனியாகத் தூக்குவதே இல்லை. லாரிக்கு முதுகைக் காட்டி, சாக்கைத் தலையும் முதுகும் மூடும்படி கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். மேலே இருக்கும் இருவர் மூட்டையை நகர்த்தி முதுகில் ஏற்றிவிடுவார்கள். தரையில் கிடக்கிற மூட்டை என்றால் ஆளுக்கு இரண்டு காதைப் பிடித்து இருவராகத்தான் எடுப்பார்கள். "கீழ கெடக்குற மூட்டைய ஒத்த ஆளா எடுக்காத தம்பி, மேல இருந்து வாங்கு" என்றார் ஒரு பெரியவர்.

காரணம் எளிய நெம்புகோல் கணக்கு. முதுகெலும்பு வட்டுக்கும் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்) அதன் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைக்கும் இடையே சுமார் 5 செ.மீ. தூரம்தான். பாரம் வட்டிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருந்தால், தசை அதைப்போல் பத்து மடங்கு இழுக்க வேண்டும். 20 கிலோ கேனுக்கு 200 கிலோ இழுப்பு. குனிந்த உடம்பின் எடை தனி. பாரத்தை வயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் அது பாதியாகிவிடும்.

முழங்காலை மடக்கித் தூக்கு என்று எல்லாச் சுவரொட்டியும் சொல்கிறது. சின்னப் பெட்டிக்குச் சரி. அகலமான மூட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவே வராது, முன்னால் தள்ளிப் போய்விடும். அதனால் பக்கவாட்டில் நிற்காமல் மூட்டையின் மூலைக்கு வாருங்கள். மூலைக்கு இருபுறமும் ஒவ்வொரு காலை வைத்தால் மூட்டை உடம்புக்கு நெருக்கமாக வரும். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

இருந்தாலும், 50 கிலோவைத் தனியாகத் தரையிலிருந்து தூக்குவதற்குப் பத்திரமான வழி என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991ல் திருத்திய கணக்கில், எல்லாமே சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான் அளவு. கீழே குனிந்தாலோ, எட்டிப் பிடித்தாலோ, திரும்பினாலோ அதுவும் குறையும்.

ஆகவே முதலாளியிடம் பெல்ட்டுக்குப் பதில் மூட்டைக்கு அடியில் போடும் மரக்கட்டைச் சட்டம் (பேலட்) கேளுங்கள். எங்கள் கிடங்கில் ஐப்பசி மழைக்குத் தரை ஈரம் ஏறாமல் இருக்கத்தான் அதைப் போட்டிருந்தோம். பிறகு மூட்டை எடுக்கும் இடத்தில் மட்டும் மூன்று சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அடி மூட்டையே முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. தீவனத்தை ஈரத்திலிருந்து காப்பாற்ற வந்த கட்டை, ஆட்களின் இடுப்புக்கும் உதவியது. நான்கு சக்கரத் தள்ளுவண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மழை நாளில் தேய்ந்த ரப்பர் செருப்போடு மூட்டை சுமக்க வேண்டாம், ஈரத் தரையில் வழுக்கிவிடும்.

சரி, பெல்ட். 2000ல் அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்ட கடை ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. தினமும் பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. பெல்ட் இருக்கிற தைரியத்தில் கூடுதலாகத் தூக்கிவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

வலி வந்துவிட்டால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். முடிந்தவரை மெதுவாக நடமாடுவதுதான் நல்லது. ஆனால் கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ உருவிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தண்ணீர் கேனை இப்போது கடைப் பையனே நேராக ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகிறான். அதற்கு ஐந்து ரூபாய் கூடுதல்.