மழை பெய்யாத ஐப்பசி

2024 அக்டோபர்-நவம்பரில் நியூஜெர்சியில் மச்சான் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன், கொண்டுபோன குடையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அதனால் இருக்கும். சரி, இந்த வாரம் முழுக்க அந்த மழையும் குளிரும் வராத அக்டோபரைப் பற்றி நீங்கள் கேட்டதுதான்.

என் மகள் எடிசனில் இருக்கிறாள். அந்த வருஷ தீபாவளிக்கு ஸ்வெட்டர்கூடப் போடாமல் பட்டுப்புடவையோடு வாசலில் நின்று போட்டோ அனுப்பினாள். அக்டோபர் கடைசியில் அங்கே குளிராமல் எப்படி? — வாசகி, மேற்கு மாம்பலம்

அந்த வருஷம் தீபாவளியும் அவர்களுடைய ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. அன்று பக்கத்தில் உள்ள நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 27 டிகிரி. வழக்கமாக அந்தத் தேதியில் பகலில் 15 டிகிரியைத் தொட்டாலே பெரிய விஷயம். பேய் வேஷம் போட்ட குழந்தைகள் முகமூடியைக் கழற்றி விசிறிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் மழையைக் கொண்டுவருவது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஜெட் ஸ்ட்ரீம் என்கிற உயரக் காற்று. அந்த மாதம் அது வடக்கே விலகிப் போய்விட்டது. அது விட்ட இடத்தில் ஓர் உயர் அழுத்தம் வந்து, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டு கிளம்பவே இல்லை. உயர் அழுத்தத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும், மேகம் கட்டாது. அப்புறம் மண் காய்ந்ததும் இன்னொரு வேலை தொடங்கும். மொட்டை மாடியில் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா, ஈரம் இருக்கும்வரை வெயில் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஈரம் இல்லாவிட்டால் அத்தனை வெயிலும் நேராகத் தரையைச் சுட்டு, தரை காற்றைச் சுடுகிறது. ஆனால் உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், ராத்திரி நிச்சயம் போர்த்திக்கொண்டுதான் தூங்கியிருப்பாள், மேகம் இல்லாத வறண்ட வானத்தில் பகல் சூடு நிற்காது, பொழுது சாய்ந்ததும் ஓடிவிடும்.

பிலடெல்பியா நகரத்தில் 42 நாள் மழை இல்லை என்று அவ்வளவு பதற்றமா? சென்னையில் ஜனவரி தொடங்கி மே வரை ஒரு சொட்டு விழுவதில்லை, நாம் யாராவது கூப்பாடு போடுகிறோமா? — வாசகர், குரோம்பேட்டை

நியாயமான கேள்வி, அங்கே போய் இறங்கிய முதல் இரண்டு நாள் நானும் மச்சானிடம் இப்படித்தான் கிண்டல் பேசிக்கொண்டிருந்தேன். 2019-ல் கிட்டத்தட்ட 200 நாள் மழையைப் பார்க்காத ஊர்க்காரனிடம் வந்து சில வாரத்தைக் காட்டி அழுகிறாயே என்றேன்.

ஆனால் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை, நியூயார்க்குக்குச் சுமார் 125. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், அது எப்போது வருகிறது என்பதில். நமக்குப் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும், மீதி நாளெல்லாம் ஏரியில் இருப்பதையும் கிணற்றில் இருப்பதையும் வைத்து ஓட்டுவோம். அவர்களுக்கு மழைக்காலம் என்றே ஒன்று கிடையாது. மாதாமாதம் சம்பளம் மாதிரி எட்டு, ஒன்பது, பத்து செ.மீ. என்று வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். நம்முடையது அறுவடைப் பணம், அவர்களுடையது மாதச் சம்பளம். மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு மாதம் சம்பளம் வராவிட்டால் என்ன ஆகும்? நம் வேப்பமரத்துக்கு நாலு மாதம் தண்ணீர் இல்லாமல் இருக்கத் தெரியும், நம் வீட்டில் சம்ப் இருக்கிறது, பத்துக் குடம் இருக்கிறது, லாரிக்காரர் நம்பர் போனில் இருக்கிறது. அங்குள்ள மரத்துக்கும் பழக்கம் இல்லை, மனிதனுக்கும் பழக்கம் இல்லை.

சென்ட்ரல் பார்க்கில் அந்த அக்டோபர் முழுவதும் பெய்தது கால் மில்லிமீட்டர். வழக்கமாக அந்த மாதம் 11 செ.மீ. பெய்கிற இடம். 1869 முதல் அங்கே பதிவு இருக்கிறது, எந்த மாதமும் இவ்வளவு வறண்டதில்லை. பிலடெல்பியாவில் அதுவும் இல்லை, அளவிடக்கூடிய ஒரு சொட்டுகூட இல்லாமல் ஒரு முழு மாதம் போனது அங்கே பதிவு தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. செப்டம்பர் 29-ல் தொடங்கி 42 நாள். அதற்கு முந்தைய சாதனை 1874-ல் 29 நாள்.

நியூயார்க் குடிக்கிற தண்ணீர் சில இடங்களில் 200 கி.மீ. வடக்கே, மலைப்பக்கத்து அணைகளிலிருந்து வருகிறது. அதில் ஒரு பெரிய சுரங்கக் குழாய், டெலவேர் குழாய் என்று பெயர், 137 கி.மீ. நீளம், நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர்வரை ஒழுகிக்கொண்டிருந்தது. பல வருஷம் திட்டம் போட்டு, அந்த அக்டோபரில்தான் அதை மூடி ரிப்பேரை ஆரம்பித்தார்கள். நேரம் பாருங்கள். நவம்பர் 18-ல் வறட்சி எச்சரிக்கை அறிவித்து, ரிப்பேரை நிறுத்திவைத்து, குழாயைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த அளவு எச்சரிக்கை அந்த ஊருக்கு 22 வருஷத்தில் முதல் முறை.

தெற்கே டெலவேர் ஆற்றில் வேறு கவலை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடலின் உப்பு மேலே ஏறி வரும். 1964-ல் அப்படிப் பிலடெல்பியா நகரம் குடிநீர் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2024-லும் உப்பு வழக்கத்தைவிட மேலே ஏறியது, அணையைத் திறந்து தண்ணீர் விட்டுத்தான் தள்ளிவைத்தார்கள். மீஞ்சூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடலைக் கிணற்றுக்குள் கூப்பிட்ட கதை அவர்களுடையது.

நீங்கள் ஒப்பிட வேண்டியது நம் மே மாதத்தை அல்ல சார், நம் ஐப்பசியை. 2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் தரை தெரிந்தன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது நாம் போட்டது கூப்பாடு இல்லாமல் வேறென்ன?

'இந்தியன் சம்மர்' என்கிறார்களே, நம் ஊர் வெயிலைத்தான் சொல்கிறார்களா? — கல்லூரி மாணவி, அண்ணா நகர்

நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களை வெள்ளைக்காரர்கள் இந்தியர் என்று தப்பாகக் கூப்பிட்டார்களே, அந்த இந்தியன். இதுவரை கிடைத்த எழுத்தில் பழையது 1778-ல் கிரெவ்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை, எதற்கும் ஆதாரம் கிடையாது. இப்போது பலர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு இரண்டாம் கோடை என்கிறார்கள், அதுவே நல்ல பெயர். முறைப்படி பார்த்தால் முதல் உறைபனி விழுந்த பிறகு திரும்பி வருகிற வெயிலுக்குத்தான் அந்தப் பெயர், அக்டோபரில் கொஞ்சம் புழுங்கினாலே அப்படிச் சொல்வது டிவிக்காரர்கள் பழக்கம். ஜெர்மனியில் இதே வெயிலுக்குக் கிழவிகளின் கோடை என்று அர்த்தம் வருகிற பெயர். அந்த நாட்களில் குட்டிச் சிலந்திகள் விடும் இழைகள் காற்றில் நரைமுடி மாதிரி மிதக்கும். நம்மிடம் புரட்டாசிக்குப் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி வைத்திருக்கிறார்கள், பெயர் எதற்கு?

இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபரில் டிக்கெட் போடலாமா? வெயில் அதிகமென்றால் நிறம் கெட்டுவிடுமா? — வாசகர், தாம்பரம்

போடுங்கள். பகலில் வெயில், இரவில் உறையாத குளிர், இந்த இரண்டும் சேர்ந்தால் மேப்பிள் மரத்தின் சிவப்பு நன்றாக வரும். பச்சையம் போனதும் உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் தெரிகிறது, சிவப்பு மட்டும் இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகிறது. அதனால் அந்த அக்டோபரின் முதல் பாதி பிரமாதம் என்றார்கள். நான் போனபோது வேறு கதை. தண்ணீர் இல்லாத மரம் இலையைச் சீக்கிரம் கொட்டிவிடும். மச்சான் வீட்டுப் பின்பக்கம் கணுக்கால் அளவுக்குச் சருகு, நடந்தால் அப்பளக் கட்டை மிதித்த சத்தம். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று தொட்டேன், நரம்பு மட்டும் விரலில் நின்றது, மீதி திருநீறாகிவிட்டது.

காட்டுத்தீ என்றால் கலிஃபோர்னியாதானே? நியூயார்க்கிலும் தீ என்று செய்தியில் பார்த்தேன், நம்ப முடியவில்லை. — வாசகி, பெரம்பூர்

நானும் நம்பியிருக்க மாட்டேன், மூக்கு நம்பவைத்தது. நவம்பர் 9, சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் போகி அன்று நம் தெருவில் வருமே, அந்த வாசம். இன்று என்ன எரிக்கிறார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டேன், மச்சான் பதில் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினார்.

முந்தின நாள்தான் நியூஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் எல்லையில் உள்ள மலைக்காட்டில் ஜென்னிங்ஸ் க்ரீக் தீ கிளம்பியிருந்தது. அது 5,000 ஏக்கருக்கு மேல் போனது. அணைக்கப் போன பதினெட்டு வயதுப் பூங்கா ஊழியர் மரம் விழுந்து இறந்தார். அதே நவம்பர் 8 மாலை, நியூயார்க் நகரத்துக்குள்ளேயே, புரூக்ளின் பிராஸ்பெக்ட் பார்க்கில் தீ. நம் கிண்டி தேசியப் பூங்கா எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படி. நகரத்தின் தீயணைப்பு வண்டிகள் அந்த இரண்டு வாரத்தில் சருகுத் தீக்கு மட்டும் நூற்றுக்கணக்கான தடவை ஓடின.

நியூஜெர்சியில் மரம் அடர்ந்த இடங்களில் அப்போது கரி அடுப்புக்குத் தடை போட்டிருந்தார்கள், கேஸ் அடுப்பென்றால் சரி. மச்சான் வருஷாவருஷம் தீபாவளிக்கு மறுநாள் நண்பர்களைக் கூப்பிட்டுப் பின்பக்கம் கரியில் கோழி சுடுகிற ஆள். அந்த வருஷம் சமையலறையில் தோசைக்கல்லில் சுட்டார். நன்றாகத்தான் இருந்தது, அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி மத்தாப்புக்கு அக்கா ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் நின்றாள்.

என் மகன் டெல்லியில். அங்கேயும் அந்த அக்டோபர் வேகாத வெயில் என்றான். — வாசகர், ஆதம்பாக்கம்

சரியாகத்தான் சொன்னார். இந்தியா முழுமைக்குமே அது 1901-க்குப் பிறகு மிகச் சூடான அக்டோபர் என்று வானிலைத் துறை சொன்னது. சராசரி 26.92 டிகிரி, வழக்கத்தைவிட 1.23 கூடுதல். வடக்கே குளிரைக் கொண்டுவர வேண்டிய மேற்கத்திய இடையூறுகள், அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வருகிற மழைச் சுழற்சிகள், வரவில்லை, வங்கக்கடலின் காற்றழுத்தத் தாழ்வுகளால் கிழக்குக் காற்றும் வீசியது. அதே அக்டோபர் 15, 16-ல்தான் நாம் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிடுகிறார்களே? — வாசகர், மயிலாப்பூர்

ஒரு மாதத்தை மட்டும் வைத்து அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஜெட் ஸ்ட்ரீம் முன்பும் விலகியிருக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மழை இல்லாத நாளில் அது மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சும், மழை வரும் நாளில் அதிகம் கொட்டும். பிலடெல்பியாவில் மழை நின்ற அதே வாரத்தில்தான், அதே கிழக்குப் பகுதியில் கொஞ்சம் தெற்கே, ஹெலீன் புயல் வட கரோலைனா மலை ஊர்களை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் மழை வந்ததா? குடை என்ன ஆயிற்று? — வாசகி, நங்கநல்லூர்

வந்தது, நான் கிளம்பிய அன்று. நவம்பர் 10 ராத்திரி, நூவர்க் விமான நிலையக் கண்ணாடியில் நாலு கோடு ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து போட்டோ எடுத்தார்கள், சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அது போதவில்லை, எட்டு நாள் கழித்துத்தான் நியூயார்க்கின் அந்த எச்சரிக்கையே வந்தது. நான் 12-ந் தேதி விடிகாலை மீனம்பாக்கத்தில் இறங்கினால் இங்கே ஊற்றோ ஊற்று என்று ஊற்றுகிறது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு. குடை பெரிய பெட்டியில், அக்கா கொடுத்தனுப்பிய பாதாம் பொட்டலங்களுக்கு அடியில் இருந்தது. டாக்ஸி வருவதற்குள் தெப்பமாக நனைந்துவிட்டேன்.