போதகரின் புத்தகங்களும் நண்பர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இறையியல் கல்லூரியிலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு பிரசங்கத்துக்கு வேண்டிய விளக்கவுரைகளைத் தவிர வேறு எதையும் நான் படிப்பதில்லை. நேரம் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். 'போதகருக்கு வேதாகமம் ஒன்றே போதும்' என்று சபையில் சிலர் சொல்வதும் எனக்கு வசதியாகப் போய்விட்டது. இது தவறா? (ஓர் இளம் போதகர்)

பதில்: அன்புச் சகோதரரே, 'வசதியாக' என்ற சொல்லை நீங்களே எழுதியிருப்பதால் உங்கள் மனச்சாட்சி பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. வேதாகமம் போதும் என்பது மெய்தான். ஆனால் அதன் நிருபங்களில் பலவற்றை எழுதிய பவுல், சிறையில் தம் முடிவை எதிர்நோக்கியிருந்த நாட்களில் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதினார் என்று பாருங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்கிறார். வரும்போது மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதிய அதே கையால், படிக்கப் புத்தகமும் பக்கத்தில் இருக்க நண்பரும் வேண்டும் என்று அவர் கேட்டதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு இளகுகிறது.

உங்கள் சிக்கல் நீங்கள் குறைவாகப் படிப்பதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் படிப்பதெல்லாம் பிறருக்காக. பிரசங்கத்துக்காக மட்டுமே புத்தகத்தைத் திறக்கிறவர், ஒவ்வொரு பக்கத்திலும் இதைச் சபைக்கு எப்படிச் சொல்லலாம் என்று தேடுகிறாரேயன்றி, அந்தப் பக்கம் தமக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. ஊழியத்தின் முதல் பத்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்நாட்களில் படித்த ஒரு நூலை நெடுங்காலம் கழித்து மறுபடி எடுத்தபோது, ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருந்தன: 'உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு', 'வாலிபர் கூட்டத்துக்கு', 'திருமணச் செய்திக்கு'. எனக்கென்று ஒரு வரிகூட நான் கோடிட்டிருக்கவில்லை. அன்று மாலை வெகுநேரம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைமைப் பொறுப்பில் இருக்கிறவர் நாள் முழுவதும் பேசுகிறார். ஜெபிக்கும்போதுகூடப் பிறர் சார்பாகப் பேசுகிறார். அவர் வாய்மூடிக் கேட்டே ஆக வேண்டிய இடங்கள் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று நல்ல நூல்; மற்றொன்று அச்சமின்றி அவரிடம் பேசும் நண்பர். இவ்விரண்டையும் இழந்தவர் நெடுநாள் பிரசங்கிக்கலாம், ஆனால் பழைய சரக்கையே திரும்பத் திரும்ப எடுத்து வைப்பார்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிலான் நகரின் ஆயராக இருந்த அம்புரோசைக் காண வருகிறவர்களுக்குத் தடையே கிடையாது. வழக்குகளோடும் கவலைகளோடும் மக்கள் அவரை மொய்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளியில் அவர் படித்தார். கண்கள் வரிகளின்மேல் ஓட, உதடுகள் அசையாதிருக்க அவர் வாசித்துக்கொண்டிருந்ததையும், உள்ளே வந்தவர்கள் குறுக்கிட மனமில்லாமல் சற்றுநேரம் அமர்ந்துவிட்டு எழுந்து போனதையும், பின்னாளில் தாமும் ஆயரான அகுஸ்தீன் பதிவு செய்திருக்கிறார். போதகர் படிப்பதைச் சபையார் காண்பதும் ஒரு போதனைதான்.

எனவே பிரசங்கத்தோடு தொடர்பில்லாத பெரிய நூல் ஒன்றை ஆண்டுக்கு ஒன்றாக மெதுவாகப் படியுங்கள். முதலாவதாக அகுஸ்தீனின் 'அறிக்கைகள்' நூலைச் சொல்வேன். ஆயரான சில ஆண்டுகளுக்குள், தம் மந்தை படிக்கும் என்று தெரிந்தே, அவர் தம் குறைகளைக் கடவுளிடம் சொல்வதுபோல எழுதிய நூல் அது. அதில் 386-இல் அவர் மனம் திரும்பிய தோட்டக் காட்சியை விரைந்து கடந்துவிடாதீர்கள். ரோமர் நிருபத்தின் ஒரு பகுதியை வாசித்ததும், அந்த இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, அருகிலிருந்த நண்பர் அலிப்பியுசிடம் அவர் நடந்ததைச் சொல்கிறார். அலிப்பியுஸ் புத்தகத்தை வாங்கி அடுத்த வரியையும் வாசிக்கிறார்: விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பலவீனன் நானே என்று எடுத்துக்கொள்கிறார். மறு ஆண்டு இருவரும் ஒன்றாகவே திருமுழுக்குப் பெற்றார்கள். பின்னாளில் இருவருமே ஆயர்கள் ஆனார்கள். நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியை வாசிக்க ஒருவர் உங்கள் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: 'போதகருக்குச் சபைக்குள் நண்பர்கள் கூடாது, கட்சி உருவாகும்' என்று மூத்த ஊழியர் ஒருவர் எச்சரித்தார். அதன்படி எல்லாரிடமும் ஒரே அளவு தள்ளி நிற்கிறேன். ஆனால் தனிமை தாங்க முடியவில்லை. (ஆயர் ஒருவர்)

பதில்: அந்த மூத்தவர் பட்டறிந்து சொல்லியிருப்பார். ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே போதகர் பொழுதைப் போக்கினால் மற்றவர்கள் மனம் புண்படும். அந்தக் குடும்பத்தார் தவறும்போது அவரால் கண்டிக்கவும் இயலாது. எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாரிடமும் தள்ளி நிற்பது அதற்கு மருந்தாகாது.

முன்பு அடிமைக் கப்பல் தலைவராயிருந்து பின் ஊழியரான ஜான் நியூட்டனை எண்ணிப் பாருங்கள். ஓல்னி என்ற சிற்றூரில் அவர் சபையைச் சேர்ந்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். 1773-இல் கூப்பரின் மனநோய் முற்றியபோது, நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். இருவருடைய பாடல்களும் சேர்ந்த தொகுப்பு 1779-இல் வெளிவந்தது. கூப்பர் அந்த இருளிலிருந்து முழுமையாக மீளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நட்பு அவரைக் குணப்படுத்தவில்லை, ஆனால் அந்த இருளில் அவரைத் தனியே விட்டுவிடவும் இல்லை.

நட்புக்கும் ஆதரவு காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், பின்னர் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைத்தான் எடுத்துரைத்தார். மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு நினைவுகூர்ந்துவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். கொடுப்பவராகவே இருக்கும்வரை ஒருவர் நண்பராக முடியாது. பெற்றுக்கொள்ளவும் கண்டிக்கப்படவும் அவர் இணங்க வேண்டும். இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்ற வள்ளுவர் வாக்கு ஆயர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். அதிகம் படித்தவர் அல்லர்; சபையில் எந்தப் பதவியிலும் இல்லை. ஒரு வாரம் நிர்வாகக் குழுவில் கடும் வாக்குவாதம் நடந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "ஐயா, இன்றைக்கு நீங்கள் வசனத்தைப் பிரசங்கித்தீர்களா, குழுவைப் பிரசங்கித்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். இரண்டு வாரம் அவர்மேல் எனக்குக் கோபம். மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். உங்களுக்கும் அப்படி ஒருவரைக் கடவுள் வைத்திருப்பார். இதுவரை அவரைத் தொந்தரவு தருபவர் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இனிமேல் அவரைக் கூர்ந்து பாருங்கள். சபைக்கு வெளியே, வேறு சபைப் பிரிவைச் சேர்ந்த ஊழியர் ஒருவரோடும் மாதம் ஒருமுறையாவது மனம் திறந்து பேசுங்கள். உங்கள் இடமாற்றத்தாலோ பதவி உயர்வாலோ எதுவும் பெறாதவராக அவர் இருப்பது நல்லது.

கேள்வி: ஆயர் ஒருவர் கிறிஸ்தவமல்லாத நூல்களையும் புதினங்களையும் படிப்பது முறையா? (சபை மூப்பர்)

பதில்: முறையே. பத்தொன்பதாம் வயதில் அகுஸ்தீனின் மனத்தைக் கடவுளை நோக்கித் திருப்பிய நூல், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த சிசரோ என்ற ரோமர் எழுதியது. பவுலும் அத்தேனேயில் கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துக்காட்டினார். நல்ல புதினம் பிறருடைய துயரத்துக்குள் நம்மை அமர்த்துகிறது. சாவு வீட்டில் என்ன பேசக் கூடாது என்பதைச் சில கதைகள்தாம் எனக்குக் கற்றுத்தந்தன.

கேள்வி: என் கணவரும் அவருடன் இறையியல் படித்த நண்பரும் ஒரு பதவி நியமனம் காரணமாக ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை. இருவருமே நல்ல ஊழியர்கள். நண்பர் இரவல் தந்த புத்தகங்கள் எங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. தூசி தட்டும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. (போதகர் ஒருவரின் மனைவி)

பதில்: சகோதரி, பரிசுத்தவான்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது என்பது உங்களைச் சற்றேனும் தேற்றட்டும். அத்தேனேயில் ஒன்றாகப் படித்த பேசிலும் நசியான்சு கிரகோரியும் பிரியாத நண்பர்கள். 372-இல், செசரியாவின் ஆயராயிருந்த பேசில், தம் அதிகாரப் போட்டிக்குத் துணையாக, சசிமா என்ற சின்ன ஊருக்குக் கிரகோரியை ஆயராக்கினார். நீரும் பசுமையும் இல்லாத, தூசியும் வண்டிச் சத்தமும் நிறைந்த இடம் என்று கிரகோரி அதை வர்ணித்தார். தம்மை ஒரு காயாக நகர்த்திவிட்டதாகவே அவருக்குப் பட்டது. 379-இல் பேசில் மறைந்தார். பின்னர் கிரகோரி ஆற்றிய நீண்ட நினைவுரையில், அந்த வருத்தம் காலத்தாலும் ஆறவில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டு உடல்களில் ஓர் உயிராக இருந்தோம் என்றும் அதே உரையில் சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் பேசிலின் காதில் விழவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் கணவரும் நண்பரும் இருவருமே உயிரோடிருக்கிறார்கள். மாற்குவின் பொருட்டு பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். அதே மாற்குவைத்தான், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் கடைசியில் அழைத்தார். உங்கள் கணவரிடம் நியமனத்தைப் பற்றிப் பேச வேண்டாம். யார் சரி என்ற விசாரணைக்கு முடிவே இராது. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். நண்பர் கோடிட்ட பக்கம் அதில் இருக்கும். அதை மீண்டும் படித்தேன், உன்னை நினைத்தேன் என்று இரண்டு வரி எழுதி உள்ளே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு புத்தகம் மட்டும் போகட்டும். மற்றவற்றை நேரில் கொடுப்பதற்காக வைத்திருங்கள்.