பொய்கைச் சந்தையும் கடைவாய்ப் பல்லும்

கேள்வி: என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் இருக்கும் ஒரே பல் மருத்துவர், எடுத்துவிடலாம் என்கிறார். வேறொரு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நான் கேட்டபோது, வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்று சொல்லிச் சிரித்தார். அரசு மருத்துவத்தில் பல் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: அந்தப் பெரியவரை ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரிடம் இந்தப் பழமொழியைச் சொன்னால், தார்க்குச்சியாலேயே பதில் கிடைக்கும். வயதை அறிய மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்காமல் அங்கே பேச்சே தொடங்குவதில்லை. பல் போடாத கன்று ஒரு விலை, இரண்டு பல் ஒரு விலை, நான்கு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் முளைத்துக் கடை சேர்ந்த மாட்டுக்கு வேறொரு விலை. இத்தனைக்கும் மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது; கீழே இருக்கும் எட்டைப் பார்த்துத்தான் ஒரு குடும்பத்தின் இரண்டு வருடச் சேமிப்பு கைமாறுகிறது. வாங்குபவன் பார்ப்பான், அவன் மைத்துனன் பார்ப்பான், சும்மா டீ குடிக்க வந்தவனும் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “நாலு பல்லுன்னு சொன்னீங்க, ஆறு இருக்குதே” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவான். ஆக, நம் வட்டாரத்தில் ஒரு காளைக்கு ஒரே காலையில் நான்கைந்து பேருடைய கருத்து கிடைத்துவிடுகிறது. உங்கள் மனைவிக்கு இரண்டாவது கருத்து கேட்டால்தான் வரிசையில் சிரிப்பு வருகிறது.

பெரியவர் மாட்டைப் பற்றி மட்டுமல்ல, தானத்தைப் பற்றியும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அரசு மருத்துவமனையை யாரும் நமக்குத் தானம் கொடுக்கவில்லை. அவர் அன்று காலையில் பல் துலக்கிய பற்பசைக்கும் வரி கட்டித்தான் வாங்கியிருப்பார்.

இனி உரிமைக்கு வருவோம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதன் அடிப்படையில் 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆணையத்தின் பட்டியலில் 17 உரிமைகள் இருக்கின்றன: இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை உண்டு, நம் சிகிச்சைப் பதிவேடுகளைப் பெறும் உரிமை உண்டு, மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. இந்த மருத்துவர்தான் வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் கேட்கும் உரிமை என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஆனால், மாற்றுச் சிகிச்சை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக் கடைவாய்ப் பல்லின் வழக்கு முழுவதும் அந்த ‘இருந்தால்’ என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால், அந்த ஒரே மருத்துவரின் இடத்தில் நாளைக்கு வேறொருவரை உட்காரவைத்தாலும் அவரும் எடுத்துவிடலாம் என்றுதான் சொல்வார். ஒரு பல்லை எடுப்பதற்கு மரத்துப்போகிற ஊசியும், குறடும், பஞ்சும் போதும். பெரும்பாலான பற்கள் சில நிமிடங்களில் வந்துவிடும். அதே பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றுவதென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் சீழையும் நரம்பையும் மெல்லிய ஊசிகளால் சுரண்டி எடுக்க வேண்டும், மருந்து வைத்து மூடி அனுப்பி மறுபடி வரச் சொல்ல வேண்டும், கடைசியில் அடைத்து, அதன்மேல் ஒரு தொப்பியும் போட வேண்டும். தொப்பியைச் செய்து தருவதற்கு ஒரு பல் லேப் வேண்டும். காலை ஓ.பி. சீட்டுடன் வராந்தாவின் மூலைவரை ஆட்கள் நிற்கும்போது, ஒரே நாற்காலியையும் ஒரே கம்ப்ரஸரையும் வைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர், ஒரே நோயாளிக்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், மற்றவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார்கள். அவர் குறடை எடுப்பதற்கு அவருடைய சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன்.

வேறொரு வார இதழில் மருத்துவப் பகுதி எழுதும் அன்பர் ஒருவருடன் எனக்கு இந்த விஷயத்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஏழைகளே ‘பிடுங்கிவிடுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள், பல்லைக் காப்பாற்றும் அக்கறை அவர்களுக்கு இல்லை என்று அவர் எழுதினார்; அன்றே மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். நான்கு முறை வா என்றால், கூலி வேலை செய்பவருக்கு நான்கு நாள் கூலி போகிறது, பஸ் காசும் போகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் பிடுங்கச் சொல்கிறார். பல் போனால் சொல் போச்சு என்பது அவருக்கும் தெரியும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் கைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் பார்க்கலாம். அங்கே 1948-இல் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையில், பொது மருத்துவரிடம் பதிந்துகொள்வதுபோலப் பல் மருத்துவரிடம் கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை. இடம் தருகிற எந்தப் பல் மருத்துவமனைக்கும் போகலாம். அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன், செயற்கைப் பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நோயாளியே பாதி விலை கட்ட வேண்டும் என்று 1951 பட்ஜெட் சொன்னதை எதிர்த்து அமைச்சர் பதவியையே விட்டார். (நம் ஊரில் பல்லெல்லாம் விழுந்த பிறகும் பதவியை விடாதவர்களைத்தான் கண்டிருக்கிறோம்.) இப்படிப்பட்ட நாட்டில், 2022-இல் பி.பி.சி. விசாரித்தபோது, அந்தச் சேவையில் இருக்கும் பல் மருத்துவமனைகளில் பத்துக்கு ஒன்பது, புதிதாக வரும் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று தெரிந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் எங்கும் இடமில்லை.

நம் பக்கம் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் தம் நெஞ்சை எங்கே திறப்பது என்று தேர்ந்தெடுக்கலாம்; சொத்தைப் பல்லை அடைப்பதற்கு அந்த அட்டை உதவாது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சம்பளத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறார், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். அந்தக் காப்பீட்டில் மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் பேனல் டாக்டர் என்ற ஏற்பாடு உண்டு. பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவர்களில் ஒருவரைத் தொழிலாளியே தேர்ந்துகொள்ளலாம். இங்கே இ.எஸ்.ஐ. மருந்தகம்தான். எந்த மருந்தகம் என்று எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் கம்பெனி ஆபீஸில் இருப்பவர். பாலாறு வராமல் இந்தப் பக்கத்தில் ஒரு பதிலும் முடியாது என்று கேலி செய்யும் வாசகர்களுக்காகவே சொல்கிறேன்: ஆற்றை நாசமாக்கியதற்காகத் தோல் தொழிற்சாலைகளுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்தது; அவற்றில் உழைப்பவருடைய பல்லுக்காக இதுவரை யாரும் கோர்ட் படி ஏறவில்லை.

கட்டத்தை வேறொருவர் நிரப்புவது என்றதும் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலி உங்கள் மனைவிக்கு, பல் அவருடையது, வேறு மருத்துவர் வேண்டும் என்று கேட்டது நீங்கள். அவர் என்ன கேட்டார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆற்காட்டு மண்ணுக்குப் புதியது என்று நினைக்காதீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பிரசவத்தில் தவித்த தம் மனைவியரை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்று தெற்கு ரயில்வேயே காட்பாடியில் நின்று போவதற்குப் பாதிக் காரணம், அந்த மருந்தகம் வளர்ந்து உருவான சி.எம்.சி. மருத்துவமனைதான். அந்த மூன்று பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண் பல் மருத்துவர் என்றால் கூசாமல் வாயைத் திறப்பேன் என்று சொல்லக்கூடிய பெண்கள் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இன்றும் இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடம்தான் போதவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை என்று ஒன்று எனக்கு உறுதியாக வேண்டுமானால், முதலில் இதைத்தான் கேட்பேன்.

உடனே செய்ய வேண்டியவை: ஓ.பி. சீட்டில் எந்தப் பல், என்ன கோளாறு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘வேர் சிகிச்சை செய்தால் இந்தப் பல் நிற்குமா?’ என்று உங்கள் மனைவியே மருத்துவரிடம் கேட்கட்டும். நிற்காது என்று அவர் சொன்னால் ஏன் என்றும் கேட்கட்டும், சில பற்கள் உண்மையிலேயே நிற்காது. நிற்கும் என்றால், சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரை கேளுங்கள்; காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பலாம். வீக்கமோ காய்ச்சலோ வந்துவிட்டால் ரயிலுக்குக் காத்திருக்காமல் உள்ளூரிலேயே உடனே காட்டுங்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸின் குறைதீர்வு நாளில் மனுக் கொடுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று எழுதினால், உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்ற பதிலுடன் முடித்துவிடுவார்கள். இன்ன மருத்துவமனைக்கு இரண்டாவது பல் நாற்காலி, ஒரு பல் எக்ஸ்ரே இயந்திரம், வேர் சிகிச்சைக்கான பொருட்கள், ஒரு பெண் மருத்துவர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து உங்கள் மனைவியுடையதாக இருக்கட்டும். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.