63 பி.எல்.ஐ.: கொள்ளுத்தாத்தாவின் படைப்பிரிவைத் தேடுவது எப்படி?

கேள்வி: முதல் உலகப் போரில் கொள்ளுத்தாத்தா வாங்கிய மூன்று பதக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறமும் மற்ற இரண்டின் விளிம்பிலும் ஓர் எண், அவர் பெயர், ‘63 பி.எல்.ஐ.’ என்று பொறித்திருக்கிறது. அவருடைய ராணுவ விவரங்களை எங்கே தேடுவது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதல் வேலையாக, பதக்கங்களைப் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். எழுத்து மழுங்கினால் இருக்கும் ஆதாரமும் போய்விடும்.

அது 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. கம்பெனி காலத்தில் திரட்டப்பட்ட மதராஸ் காலாட்படை. 1903 வரை இதன் எண் 3. அப்போதைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் செய்த சீரமைப்பில்தான் மதராஸ் படைகளின் எண்ணோடு 60 கூட்டினார்கள். பழைய தாள்களைப் புரட்டும்போது 3 என்றும் தேடுங்கள். சிப்பாயின் எண் அந்தந்தப் படைக்குள் மட்டும் செல்லும் எண். அதை மட்டும் வைத்துத் தேடினால் வேறு யாரோ கிடைப்பார்.

நட்சத்திரம் இருப்பதால், 1915 முடிவதற்குள் அவர் போர்முனைக்குப் போய்விட்டார் என்பது உறுதி. 63வது படை 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) டாங்காவில் இறங்கியது. அங்கே பிரிட்டிஷ் தரப்புக்குப் படுதோல்வி. இந்தப் படை நிலைகுலைந்து பின்வாங்கியதாகக் கடுமையாக எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு மனம் குன்றாதீர்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்களை ஓய்வில்லாமல், முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் புதர்க்காட்டுக்குள் அனுப்பினார்கள். அந்தப் பழி தளபதிகளுடையது என்பதே என் கருத்து.

தென்னாட்டவர் போர்க்குடிகள் அல்ல என்ற எண்ணம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. போருக்குப் பிந்தைய சீரமைப்பில் படையைக் கலைத்துவிட்டார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் 1940களில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதனால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமென்ட்டின் மையத்தில் அவருக்கென்று தனிக்கோப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சரி, எங்கே தேடுவது? வீட்டு டிரங்குப் பெட்டியில். டிஸ்சார்ஜ் சீட்டு, பென்ஷன் தாள் எதுவானாலும் அதில் ஊர், தகப்பனார் பெயர் இருக்க வாய்ப்புண்டு. அப்புறம், லண்டனின் கியூ (Kew) பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற தொகுப்பு. கிழக்கு ஆப்பிரிக்கப் படைகளின் போர் நாட்குறிப்புகள் அதில் உண்டு. அதிகாரிகள் பெயர் சொல்லி வருவார்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருவார்கள். ஆனாலும் படை எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். உடன் போய் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் படைவாரியாக இலவசமாகப் பார்க்கலாம்.