ஜன்னல் சட்டத்தில் வெள்ளை போட்டால் கடைசிப் பக்கம் மட்டும் சிவக்கிறது

ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப்பில் வெள்ளை போட்டால் கடைசிப் பக்கம் மட்டும் ஏன் சிவக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ரிப்பின் கடைசி முனைக்கும் அதே பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட், கிரவுண்ட் இரண்டையும் கொடுங்கள். சட்டம் ஜன்னலைச் சுற்றி வருவதால் இரு முனையும் ஒரே மூலையில்தான் இருக்கும், 1.5 சதுர மி.மீ. வயர் ஒரு சாண் போதும். ஸ்ட்ரிப்பை மாற்றி வீண் செலவு செய்யாதீர்கள்.

காரணம் வோல்டேஜ் டிராப், அதாவது ஸ்ட்ரிப்பில் தூரம் போகப்போக வோல்ட் குறைவது. நீங்கள் சொன்ன 5 மீட்டர், மீட்டருக்கு 60 என்றால் 300 எல்இடி. டபிள்யூஎஸ்2812பி என்ற இந்த வகை எல்இடி முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்ப் வரை இழுக்கும். கூட்டினால் 18 ஆம்ப். ஸ்ட்ரிப்பில் உள்ள மெல்லிய செம்பு அதற்கு ஈடு கொடுக்காது. நீலம், பச்சைக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 போதும். அதனால் சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது.

முதலில் முழு வெள்ளை போட்டு, கடைசி எல்இடியின் பேடுகளில் (வயர் பற்றவைக்கும் செம்புப் புள்ளிகளில்) மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் இதேதான். 4.8 காட்டியும் சிவந்தால் அந்த எல்இடிகளே பழுது.

ஸ்ட்ரிப்பைக் கட்டுப்படுத்தும் டபிள்யூலெட் (WLED) மென்பொருளில் கரண்ட் லிமிட்டை 6000 மில்லிஆம்ப்பில் வையுங்கள். கிறிஸ்துமஸ் ஜன்னலுக்கு அதுவே தாராளம், எதிர்வீட்டுக்காரரும் தூங்க வேண்டுமே.

ஒரு எச்சரிக்கை: இரண்டாவது சப்ளை சேர்ப்பதானால் கிரவுண்டை மட்டும் இணையுங்கள். ஸ்ட்ரிப்பின் 5 வோல்ட் தடத்தை நடுவில் வெட்டிவிடுங்கள், இரண்டு பாசிட்டிவும் ஒன்றாகச் சேரக் கூடாது.